கதவு எண் இல்லாத வட்டம்

தமிழினிக்கு மண்டை காய ஆரம்பித்தது பதினேழாம் கேள்வியில்தான். அதற்கு முன்னால் இருந்த பதினாறு கேள்விகளும் சமர்த்தாகவே நடந்துகொண்டன. வீட்டில் எத்தனை பேர், சொந்த வீடா வாடகையா, பத்து வருஷத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, ஸ்விட்ச் போர்டு வரையா, ஃபேன் வரையா. முடிச்சூரில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் எழுந்து போய் சுவரில் கைவைத்துக் காட்டிவிடுவார்கள். காட்டிய கையை இறக்குவதற்குள் காபியும் வந்துவிடும்.

பதினேழாவதுதான் வில்லங்கம். ‘வெள்ளம் வருகிறது என்று உங்களுக்கு முதலில் சொன்னது யார்? நகரில் நடப்பதெல்லாம் உங்களுக்கு யார் மூலம் தெரிகிறது? ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் யார் காதில் போடுவீர்கள்?’ ஒரு கேள்வியின் வயிற்றில் மூன்று கேள்வி. ஏனென்றால் அந்த ஆராய்ச்சிக்குப் பேராசிரியர்கள் மூன்று பேர்.

அனந்தகிருஷ்ணன் பொருளாதாரம், யேசுதாசன் சமூகவியல், ரத்தினபாய் நீரியல். அதிகாரமும் ஏற்றத்தாழ்வும் புரிய வேண்டுமானால் ஒரு துறை போதாது, மூன்றும் கைகோக்க வேண்டும் என்று நிதி கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கைகோத்தார்கள், பாவம். ஆனால் கோத்த கையை மூன்று பேரும் மூன்று பக்கம் இழுத்தார்கள். நடுவில் காகிதம் சுமக்க ஒருத்தி வேண்டுமே, அவள்தான் தமிழினி. இருபத்தாறு வயது, பெருங்களத்தூரில் வீடு, எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் தூக்கம் வரும் ஜாதகம்.

அவளுக்கு ஒதுக்கிய இடம் முடிச்சூரில் அமிர்தவல்லி நகர். முன்பு நெல் விளைந்த நிலம். இப்போது நான்கு தெரு, நாற்பத்திரண்டு வீடு, ஒரு பிள்ளையார் கோயில், கோயிலை ஒட்டி ஒரு சங்கக் கூடம். வங்கி, பள்ளிக்கூடம், அரசாங்க ஆபீஸ் என்று மாதச் சம்பளத்தில் வீடு கட்டியவர்கள். சங்கத்தலைவர் லக்ஷ்மிநாராயணன், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக அவரே தலைவர். வேறு யாரும் போட்டிக்கு நிற்கவில்லை. கேட்டால், இங்கே எல்லாம் சார்தான் என்பார்கள்.

அப்படிச் சொன்ன அதே வாய்கள்தான் பதினேழாம் கேள்விக்கு வந்ததும் வேறு பெயரைச் சொல்லின.

வெள்ளத்தன்று விடியற்காலை கால்வாய் ஓரத்துச் சந்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, ஒவ்வொரு கதவாகத் தட்டி, மாடிக்குப் போங்க என்று சொன்னது புஷ்பம். ஏழு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் துடைத்துப் பெருக்கும் புஷ்பம். அன்றிலிருந்து எந்த வீட்டு மாடி காலி, யாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போகிறவர்கள் சாவியை எங்கே கொடுப்பது, எல்லாம் அவள் வழிதான். தெருவிளக்கு எரியவில்லையா, தலைவரிடம் நேரே போய்ச் சொல்லச் சங்கடமாக இருக்கும், மனிதர் ஆயிரம் கேள்வி கேட்பார். புஷ்பத்திடம் சொன்னால் போதும். அவள் தலைவர் வீட்டுப் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும்போது அவர் மனைவி சாவித்ரியம்மா காதில் அதைப் போடுவாள். சாவித்ரி கணவரிடம் சொல்வாள். மறுநாள் விளக்கு எரியும்.

நாற்பத்திரண்டு வீட்டில் முப்பத்தொரு வீடு புஷ்பத்தைச் சொன்னது. தலைவரைச் சொன்னது ஆறு வீடு. அதில் ஒன்று அவர் வீடு.

தமிழினி இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வீட்டுக்கு ஒரு வட்டம், வட்டத்துக்குள் கதவு எண். யார் யாரைச் சொன்னார்களோ அங்கே ஒரு கோடு. நிறையக் கோடு வருகிற வட்டம் தானாகப் பெரிதாகும். பெயர் எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பது ஆராய்ச்சி விதி, அதனால் பெயரே போடவில்லை. புஷ்பத்துக்கு அந்த நகரில் கதவு எண் இல்லையே, என்ன செய்வது? அந்த வட்டத்தைச் சும்மா வெறுமையாக விட்டாள். பொத்தானைத் தட்டியதும் அந்த வெறும் வட்டம் ஊதி ஊதி நடுவில் வந்து உட்கார்ந்தது. தலைவர் வீடான ஏழாம் எண் மூலையில் சுண்டைக்காய் மாதிரி கிடந்தது.

யேசுதாசன் துள்ளிக் குதித்தார். இந்தப் பெண்மணியிடமும் பேட்டி எடு என்றார். தமிழினி போனாள். முடிச்சூர் சாலை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவத்தை வாசித்துக் காட்டினாள். உங்கள் பெயர் எங்கும் வராது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. புஷ்பம் கையெழுத்துப் போட்டாள். நாற்பத்தைந்து வயது இருக்கும், மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் ரப்பர் பேண்டு. மகள் வினிதா பொத்தேரியில் நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள் என்பதை மட்டும் தானாகவே, முகம் மலரச் சொன்னாள். ஏழு வீட்டு உழைப்பும் அந்தப் படிப்புக்குத்தான் போகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: தெரியாது. தலைவர் எப்படி? தெரியாது. நகரில் யாருக்குள் சண்டை? தெரியாது. வெள்ளத்தன்று என்ன நடந்தது? அதெல்லாம் மறந்துபோச்சு பாப்பா. தமிழினி ஒவ்வொரு கட்டத்திலும் ‘பதில் இல்லை’ என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தாள்.

கண்டதை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பது யேசுதாசனின் கொள்கை. நல்ல கொள்கைதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இப்படிப்பட்ட நல்லவர்களை நினைத்துத்தானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் கூட்டம். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி அதன்மேல் படம். தமிழினி, கோடு என்றால் என்ன, வட்டம் என்றால் என்ன என்று விளக்கினாள். தலைவர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜனங்கள் தங்கள் தங்கள் கதவு எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள், குரூப் போட்டோவில் நம் தலையைத் தேடுகிற மாதிரி. இங்கே தகவலை வைத்திருப்பவரிடம்தான் உண்மையான செல்வாக்கு இருக்கிறது, அது நாம் நினைக்கிற இடத்தில் இல்லை என்று தமிழினி பெருமையாகச் சொன்னாள்.

சாவித்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். “எல்லாத்துக்கும் டோர் நம்பர் போட்டிருக்கு. நடுவுல பெரிசா இருக்கே, அதுக்கு மட்டும் ஏம்மா நம்பர் இல்லை?”

பெயர் சொல்ல அனுமதி இல்லை என்றாள் தமிழினி. சொல்லி வாய் மூடுவதற்குள்ளேயே அவளுக்குப் பொறி தட்டியது. நகரில் கதவு எண் இல்லாமல் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போய்வருகிற ஆள் எத்தனை பேர்? ஒரே ஆள். அந்த ஆள் அந்த நேரம் பார்த்து, தட்டில் சுண்டல் கப்புகளை அடுக்கிக்கொண்டு நடுவரிசையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். அடேங்கப்பா, நம்ம புஷ்பமா என்றது ஒரு குரல். கைகூடத் தட்டினார்கள். லக்ஷ்மிநாராயணனும் தட்டினார், இரண்டே தட்டு. புஷ்பம் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைக்காமல் அப்படியே வரிசையை முடித்துவிட்டுப் பின்வாசல் வழியே போய்விட்டாள்.

கைதட்டலைக் கேட்டபின் தமிழினி தன் பயத்தை மறந்து இதை ஒரு வெற்றி என்றுதான் நினைத்தாள். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு ஊரே கைதட்டியது என்றால் சும்மாவா?

அடுத்த புதன்கிழமை ஏழாம் எண் வீட்டில் புஷ்பத்தை நிறுத்தினார்கள். வியாழன் பன்னிரண்டில். வெள்ளி பத்தொன்பதில். திங்கள் முப்பத்தொன்றில். ஏழு வீடு மூன்றானது. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறி வாங்கப்போன இடத்தில் முப்பத்தொன்றாம் வீட்டு ப்ரியா இதைச் சாதாரணமாகச் சொன்னபோது தமிழினி பொறுக்கிய முருங்கைக்காயைத் திரும்பக் குவியலிலேயே வைத்துவிட்டாள்.

அவள் படிவத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனாள். வேறு என்ன செய்யத் தெரியும் அவளுக்கு? ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். பத்தொன்பதில், பாத்திரம் கழுவ மிஷின் வாங்கிவிட்டோம் என்றார்கள். பன்னிரண்டில், மாமியார் வந்திருக்கிறார், அவருக்கு வெளி ஆள் கை பிடிக்காது என்றார்கள். ப்ரியா, ஆபீஸ் நேரம் மாறிவிட்டது என்றாள். எல்லாரும் புஷ்பத்தைப் பற்றி நல்ல விதமாகவே பேசினார்கள். தங்கமான பொம்பளை, கைசுத்தம் என்றார்கள். ஒருத்தர்கூடப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. சாவித்ரி மட்டும், இடுப்புவலிக்கு டாக்டர் குனிந்து நிமிரச் சொல்லியிருக்கிறார், அதனால் நானே பெருக்குகிறேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் இடுப்பில் பெல்ட் போட்டிருந்தாள்.

தலைவரிடமே கேட்டுவிட்டாள் தமிழினி. அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

“நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லலையேம்மா. வேலைக்கு ஆள் வெச்சுக்கறது அவங்கவங்க வீட்டு விஷயம். சங்கம் அதுல தலையிடாது.”

பொய் இல்லை. அவர் சொல்லவில்லைதான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான்கு வீட்டுக் கதவு ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டது. படம் சொன்னது புஷ்பத்திடம்தான் செல்வாக்கு என்று. செல்வாக்கு உள்ளவளை ஒரு வாரத்தில் இப்படித் தூக்கிப் போட முடியுமா? முடியும் என்றால் படம் பொய். படம் பொய் என்றால் அவளைப் பார்த்து இவர்கள் ஏன் பயப்பட வேண்டும்? தமிழினிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அனந்தகிருஷ்ணன், மிஷின் மலிவாகிவிட்டது, உழைப்புச் சந்தை மாறுகிறது என்றார். யேசுதாசன், இதுதான் அதிகாரம், உடனே எழுது, கட்டுரைக்கு இன்னொரு பகுதி கிடைத்துவிட்டது என்றார். ரத்தினபாய் மட்டும் படத்தைத் தமிழினி பக்கமே தள்ளி வைத்தார். “தண்ணின்னா எந்தப் பக்கம் ஓடுதுன்னு சொல்லிடுவேன். இது எனக்குத் தெரியலம்மா” என்றார். அந்த ஒரு பதில்தான் தமிழினிக்கு ஆறுதலாக இருந்தது.

புஷ்பத்தின் வீடு கால்வாய் ஓரத்துச் சந்தில். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் பிளாஸ்டிக் குடங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் வீட்டில் இருந்ததைப் பார்த்ததுமே தமிழினிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் அவள் பத்தொன்பதாம் வீட்டில் இருக்க வேண்டியவள். மன்னிச்சிடுங்கக்கா என்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

புஷ்பம் தண்ணீர் கொடுத்தாள். பிறகு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வினிதாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். சொன்னால் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று வந்து நிற்பாளாம், அந்தப் பயம்தான் ராத்திரி பகலாகக் குடைகிறதாம்.

“நீ கேட்டப்போ நான் இன்னா சொன்னேன் பாப்பா? தெரியாதுன்னேன். நீ பதில் இல்லைன்னு எழுதிகினே. அதான் என் பதிலு. எனக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு நெனைச்சிகினு இருக்கிற வரைக்கும்தான் அந்த வூட்டுக் கதவெல்லாம் தொறக்கும். பதினெட்டு வருசமா அத்த வெச்சித்தான் நான் சோறு துன்றேன். நீ சுவத்துல லைட்டு அடிச்சு காட்டிட்டே.”

உங்களைப் படத்திலிருந்து எடுத்துவிடுகிறேன், அறிக்கையில் வரவே வராது என்றாள் தமிழினி. எடுத்தால் ஆச்சா, பார்த்த கண்ணை என்ன செய்வாய் என்று கேட்டாள் புஷ்பம். அதுவும் நியாயம்தான். கொஞ்சநேரம் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், கறிக்குழம்புக்குச் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்.

“இன்னொரு கூட்டம் போடு. தப்பா போட்டுட்டேன்னு சொல்லு. படிச்சவங்க தப்புன்னு ஒத்துகினா ஜனத்துக்கு ரொம்பப் புடிக்கும். அந்தப் பெரிய வட்டத்தத் தூக்கி சார் வூட்டு மேல வெச்சிடு. நான் சொன்னேன்னு மட்டும் மூச்சு வுடாத.”

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கண்டதை மாற்றி எழுதுவது சோற்றில் மண்ணைப் போடுவது போல. தமிழினி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் திறந்து, ஏழாம் எண் வட்டத்தின் ஓரத்தைப் பிடித்துக் கையாலேயே இழுத்துப் பெரிதாக்கினாள். வெறும் வட்டத்தைத் தொட்டு அழித்தாள். கோடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஏழில் கொண்டுபோய் ஒட்டினாள். பேராசிரியர்களிடம் மூச்சுவிடவில்லை.

அடுத்த ஞாயிறு அதே கூடம், அதே வேட்டி. சுண்டலுக்குப் பதில் பிஸ்கட் பாக்கெட், ஏனென்றால் கொடுக்க ஆள் இல்லை. செய்தி கொண்டுவருகிறவர்களையும் முடிவு எடுக்கிறவர்களையும் ஒன்றாகக் குழப்பிவிட்டேன், அது என் தவறு, இதுதான் சரியான படம் என்றாள் தமிழினி. சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த நடுக்கமே அதற்கு அத்தாட்சி ஆகிவிட்டது. லக்ஷ்மிநாராயணன் எழுந்து வந்து வேட்டியின் அருகே நின்று பார்த்தார். பரவாயில்லைம்மா, சின்ன வயசு, தப்பு எல்லாருக்கும் வரும் என்று அவள் தலையில் கைவைத்தார். இந்தப் படத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா, சங்கக் கூடத்தில் மாட்டலாம் என்றும் கேட்டார்.

புதன்கிழமை சாவித்ரிக்கு இடுப்புவலி தாங்கவில்லை. புஷ்பத்தைக் கூப்பிட்டு அனுப்பினாள். வியாழன் பன்னிரண்டாம் வீட்டு மாமியார் ஊருக்குப் போனார். வெள்ளிக்கிழமை, மிஷினில் கடாய் சரியாகச் சுத்தமாவதில்லை என்று பத்தொன்பதில் கண்டுபிடித்தார்கள். திங்கள் ப்ரியாவின் ஆபீஸ் நேரம் மறுபடி மாறியது. நின்ற வரிசை மாறாமல் திரும்பக் கூப்பிட்டார்கள். தமிழினி அதைக் கட்டம் போட்டு எழுதிப் பார்த்தாள். எழுதிய பிறகு இன்னும் குழம்பினாள். தலைவர் வாயே திறக்காமல் நாலு வீட்டை ஆட்டி வைத்தார், சரி. அந்தத் தலைவரை ஆட்டி வைத்தது யார்? அப்படியானால் முதல் படம்தானே நிஜம்? நிஜத்தை அழித்ததால்தானே அது நிஜமாகவே இருக்கிறது? இதை எந்தத் துறையில் சேர்ப்பது?

அறிக்கைக்கு நாள் வந்தது. பொய்ப் படத்தை அவள் அதில் வைக்கவில்லை, அதற்கு மட்டும் மனசாட்சி விடவில்லை. நிஜப் படத்தையும் வைக்கவில்லை. தகவல் தந்தவர் ஒருவர் விலகிக்கொண்டார், படிவத்தில் அதற்கு உரிமை உண்டு என்று பேராசிரியர்களிடம் சொல்லி, புஷ்பத்தைச் சொன்ன பதில்களை எல்லாம் எடுத்துவிட்டாள். யேசுதாசன் கூடவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். விதி விதிதானே சார் என்றாள் தமிழினி. அவர் உட்கார்ந்துவிட்டார். புஷ்பத்தை எடுத்ததும் படத்தில் கோடுகள் உதிர்ந்து, வட்டங்கள் முக்கால்வாசி ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. அனந்தகிருஷ்ணனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. இந்த நகரில் ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லை, ஆகவே குடியிருப்போர் சங்கத்தின் கையை வலுப்படுத்த வேண்டும் என்று அவரே பரிந்துரை எழுதினார்.

அச்சான அறிக்கையைக் கொடுக்க, ஐப்பசி மழைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு காலையில் தமிழினி ஏழாம் எண் வீட்டுக்குப் போனாள். லக்ஷ்மிநாராயணன் கூடத்தில் உட்கார்ந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படித்தார். படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சாவித்ரி காபி கலக்க உள்ளே போனாள். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் புஷ்பத்தின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இந்தப் பொண்ணு நம்ம நகரைப் பத்தி எவ்வளவு பெரிய புஸ்தகம் எழுதியிருக்கு பாத்தியா புஷ்பம்?” என்றாள் சாவித்ரி.

“எனக்கு இன்னாம்மா தெரியும்?” என்றது பின்கட்டுக் குரல். தண்ணீர் ஊற்றிக் கழுவும் சத்தம். பிறகு அதே குரல், போகிற போக்கில்: “மூணாந் தெரு கால்வாயில யாரோ கட்டட மண்ணக் கொட்டிக்கிறாங்களாம்மா. மழை வந்தா தண்ணி நம்ம பக்கம் திரும்பிடும்னு பேசிகினாங்கோ.”

சாவித்ரி காபியோடு கூடத்துக்கு வந்தாள். டம்ளரைக் கணவர் கையில் கொடுத்துக்கொண்டே மூன்றாம் தெருக் கால்வாயைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள். லக்ஷ்மிநாராயணன் அறிக்கையை மூடி வைத்தார். போனை எடுத்து எண்ணை அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அமிர்தவல்லி நகர் சங்கத் தலைவர் பேசறேன் சார். மூணாவது தெரு கால்வாயில மண்ணு கொட்டியிருக்கு, உடனே அள்ளணும். இல்ல சார், யாரும் சொல்லலை. நானேதான் கவனிச்சேன்.”